தொண்டைநாட்டிற் கிழங்கு காத்த முறை

பண்டைத் தமிழர்தம் உணவு வாழ்வினை ஆராயப் புகுந்தார் பெரும்பாலும் நெல்லையும் வரகையும் தினையையுமே நோக்கினர். அவற்றைச் சேமித்து வைத்த கூடு, குதிர், சேர், பத்தாயம், களஞ்சியம் என்னும் சொற்களையும் ஆராய்ந்து பலபடப் பேசினர். கிழங்கினைப் பற்றிப் பேசியவர் சிலரே. அச்சிலரும் அதனைக் குறிஞ்சி நிலத்து எளிய மக்களின் உணவு என்ற அளவில் கூறிக் கடந்தனர். கூலத்திற்குக் குதிர் உண்டு; கிழங்கிற்கு அத்தகைய தனிப்பெயர் பெற்ற கொள்கலம் ஒன்றும் நூல்களிற் காணப்படவில்லை. இதனைக்கொண்டு, தமிழர் கிழங்கினைக் காத்துவைக்கும் முறை அறியாதவர், அன்றன்று அகழ்ந்து அன்றன்று உண்டவர் என்று முடிவு கட்டுதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே எம் துணிபு. கொள்கலம் இல்லாமை காவல் இல்லாமை ஆகாது. தாம்பரமும் அதனைச் சூழ்ந்த பல்லாவரம், சேலையூர், முடிச்சூர், வண்டலூர் முதலிய ஊர்களும் அடங்கிய தொண்டைநாட்டுப் பகுதியை எல்லையாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

தொண்டைநாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெரும்பாணாற்றுப்படையைவிடச் சிறந்த தொடக்கம் வேறில்லை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அப்பாட்டு, காஞ்சிக்குச் செல்லும் வழியெல்லாம் பாணன் பெறக்கூடிய உணவினை நிலந்தோறும் எடுத்துரைப்பது. அதன்கண் மருதநிலத்து உழவர் மனையைக் கூறும் புலவர், ஏணியும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகளையும், அவற்றின் முகட்டைத் திறந்து பெய்யப்பட்டுப் பல்லாண்டு பழமையுற்ற நெல்லையும் காட்டுகின்றார். பின்னர்த் தோட்டக் குடிகளின் இருக்கைக்குப் பாணன் வரும்போது பலாச்சுளை, இளநீர், வாழைப்பழம், பனைநுங்கு ஆகிய இனியவற்றை உண்டு வெறுத்தால், முளையினைப் புறத்தே கொண்ட முதிர்ந்த சேம்பின் கிழங்கினை உண்ணலாம் என்று கூறுகின்றார். ஒரே பாட்டு, ஒரே நாடு. நெல்லிற்குக் கூடு கூறிய புலவர் கிழங்கிற்குக் கூடு கூறவில்லை, முளையையே கூறினார்.

அம்முளையினை வெறும் அடையெனக் கொண்டு கடந்துபோவாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சேம்பின் இலை பசுமையாய் இருக்கும்பொழுது கிழங்கு இளமையாய் நீர்த்தன்மை மிக்கிருக்கும். இலை பழுத்துத் தண்டு சாய்ந்த பின்னரே மாவு திரண்டு கிழங்கு முதிரும். அந்நிலையில் அதனை அகழாது மண்ணிலேயே விட்டுவைத்தால் சின்னாள் உறங்கிக் கிடந்து, அடுத்த பருவத்திற்கு முளை காட்டத் தொடங்கும். எனவே முளையும் முதிர்வும் ஒருங்கே உடைய கிழங்கு என்பது, விளைந்தவுடன் அகழப்படாமல் காத்து வைக்கப்பட்ட கிழங்கே ஆதல் வேண்டும். மண்ணில் கிடந்து காத்ததோ, மனையில் கிடந்து காத்ததோ எனின், கொள்கலம் கூறாமையான் மண்ணே என்று கொள்ளுதல் ஏற்புடைத்து. தோட்டக்காரன் நிலத்தைக் கிழங்கின் குதிராக ஆண்டான். வேண்டும்பொழுது வேண்டும் அளவே அகழ்ந்தான். விருந்து வந்தபோது எடுத்துக் கொடுக்க அவனிடம் கிழங்கு இருந்தது.

இக்கருத்திற்கு அரண் செய்வது புறநானூற்று 109ஆம் பாட்டு. பறம்புமலையை மூவேந்தரும் முற்றியபோது கபிலர், அம்மலையினை எளிதிற் கொள்ளல் இயலாது என்கின்றார். உழவரால் உழப்படாத நான்கு விளையுள் அதற்கு உண்டு என்று எண்ணிக் காட்டுகின்றார். மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அந்நான்கு. முற்றுகையிடப்பட்ட அரணின் வலிமை அதன்கண் உள்ள உணவின் அளவைப் பொறுத்தது. பாரியின் நெற்கூடுகளைக் கூறாது, நிலத்தினுள் இறங்கிக் கிடக்கும் வள்ளியைக் கபிலர் கூறியது என்னை? கூட்டினைப் பகைவர் எரிக்கலாம், கொள்ளையிடலாம். மண்ணினுள் ஊரெங்கும் பரந்து கிடக்கும் கிழங்கினை எரித்தல் இயலாது. எங்கே கிடக்கின்றது என்பதும் அம்மண்ணிற் பிறந்தார்க்கே தெரியும். போரறிந்த புலவர் கூற்று இது.

குறுந்தொகை 233ஆம் பாட்டில், கவலைக் கிழங்கு அகழ்ந்த குழியில் கொன்றைப்பூ உதிர்ந்து நிறைந்திருக்கும் காட்சி, செல்வர் பொன்னிட்ட பேழையை மூடி திறந்து வைத்தாற்போல் உள்ளது என்று கூறப்படுகின்றது. பூவின் நிறம் பற்றி எழுந்த உவமை இது என்பதில் ஐயமில்லை. கிழங்குக் குழியைப் பேழையோடு ஒப்பிட்டதனால் புலவர் சேமிப்பையே கருதினார் என்று வலிந்து உரைத்தல் எம் நோக்கமன்று. ஆயினும் குழியைக் கண்டவுடன் பேழை நினைவிற்கு வருதல், குழியிலிருந்து செல்வம் எடுத்துப் பழகிய மக்களிடையே எளிதில் நிகழும்.

இனி, நிலத்திலிருந்து உணவெடுத்தலைக் கூறும் மற்றொரு பகுதியும் பெரும்பாணாற்றுப்படையிலேயே உண்டு. எயிற்றியர் உளிபோன்ற வாயையுடைய இரும்பு பூண்ட கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, புழுதியில் அளைந்து புல்லரிசியைத் திரட்டுகின்றனர். விளாமர நிழலில் நிலத்திற் பதித்த உரலில் இட்டுக் குற்றுகின்றனர். உலர்த்திய ஊனோடு உண்கின்றனர். அகழ்கோலும் உலர்த்தலும் ஓரிடத்தே கூறப்படுதலைக் கருதுக. இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து இருளர் இரும்புமுனைக் கோல்கொண்டு காட்டுவள்ளி அகழ்தலையும், எலிவளையிலிருந்து எலி சேர்த்த நெல்லைத் தோண்டி எடுத்தலையும் கண்டார்க்கு இப்பகுதி புதுமையாய்த் தோன்றாது. எயினரே இருளர் என்று யாம் கூறவில்லை. அத்தகைய முடிபுகளால் நம் துறைக்கு விளைந்த இடர் போதும். ஒரே நிலம் ஒரே வகைக் கருவியையும் ஒரே வகைத் தொழிலையும் ஈராயிரம் ஆண்டு தாங்கி நின்றது என்பதே யாம் கூறுவது. பல்லாவரத்துச் செம்மண் பரல்நிலத்திலேயே 1863இல் இராபர்ட்டு புரூசு பூட்டு என்பார் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அக்கல் கிழங்கு அகழ்ந்ததோ, விலங்கின் தோலை உரித்ததோ, அதனை அறிவிக்க அக்கல்லிற்கு வாயில்லை.

வள்ளிக்கிழங்கு அகழ்வார் கொடியின் தலைப்பகுதியைச் சிறிது விட்டுவைத்து, மீண்டும் மண்ணால் மூடிச் செல்லுதல் மரபு. அடுத்த மழைக்கு அக்கொடி தளிர்க்கும். குழி மீண்டும் நிறையும். முதலை அழிக்காது பயன் கொள்ளும் இம்முறையைக் காவல் என்னாது வேறென்னென்பது?

கிழங்கு காத்தலைப் பற்றி எழுதும் மேலைநாட்டு நூல்களைப் பயின்றோர் இங்கு ஒரு பிழைக்கு ஆளாகின்றனர். ஆங்கு உருளைக்கிழங்கும் பிற கிழங்கும் இலையுதிர் காலத்தில் அகழப்பெற்றுப் பனிக்காலம் முழுதும் காக்கப்பெறும். நிலம் உறைந்துவிடுமாதலின் கிழங்கினை மண்ணில் விட்டுவைத்தல் ஆகாது. மேட்டுநிலத்தில் குவித்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் மண் அணைத்து மூடுவர். அன்றி நிலவறையில் வைப்பர். இவை எல்லாம் உறைபனிக்கு எதிரான காவல். தாம்பரத்திற்கு உறைபனி ஏது? மார்கழித் திங்களின் விடியலிலும் இங்கே 20 பாகை செல்சியசு அளவிற்கு வெப்பம் உண்டு. இங்குப் பகை பனியன்று, மழை. ஆண்டு மழையிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்றாற் பொழிவது. ஏரிகள் தொடர்ந்து கிடக்கும் இந்நாட்டில் ஐப்பசியில் ஒரு குழி தோண்டிக் கிழங்கினை இட்டு மூடினால் கார்த்திகையில் அக்குழி கிணறாகிவிடும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் நீரில் மூழ்கியதைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின் இங்குக் காவலின் கணக்கே வேறு. வைகாசி, ஆனியில் நட்ட சேனையும் கருணையும் வள்ளியும் மழைக்காலம் முழுதும், மேட்டுப்பாங்கான நீர்வடியும் செம்மண்ணில் பருத்துக்கொண்டிருக்கும். தையில் இலை காய்ந்து சாயும். அதன் பின்னரே அகழ்தல். தை முதல் அடுத்த நடவு வரையுள்ள பின்பனி, இளவேனில், முதுவேனில் ஆகிய காலமே கிழங்கினை மனையிற் காக்கும் காலம். மேலைநாட்டார்க்குப் பனிக்காலம் எத்தகையதோ அத்தகையது நமக்கு வேனில். இப்பருவ வேறுபாட்டை உணராது, நிலவறை இல்லை, குவியல் இல்லை, எனவே காவலே இல்லை என்றல், குடை பிடிப்பவனைப் பார்த்துக் கம்பளி இல்லாதவன் என்று இரங்குவதை ஒக்கும்.

மனையிற் காத்த முறையினை இப்பகுதிச் சிற்றூர்களின் முதியோர் இன்றும் அறிவர். அகழ்ந்த சேனையை நீரிற் கழுவுதல் கூடாது. ஒட்டிய மண்ணைக் கையால் உதிர்த்து, நிழலிற் சின்னாள் பரப்பி, தோல் இறுகிய பின்னர்ப் பரண்மீது ஒன்றன்மேல் ஒன்று படாது வைப்பர். மண்வெட்டி பட்டுப் புண்ணான கிழங்கை முதலில் சமைத்துவிடுவர். அல்லது வெட்டுவாயிற் சாம்பல் தடவித் தனியே வைப்பர். அடுப்புப் புகை பரணிற் படிதலின் புழுவும் பூசணமும் அணுகா. சேப்பங்கிழங்கினை உலர்மணலிற் புதைத்து மனைமூலையில் வைப்பர். விதைக்கெனப் பிரித்த துண்டுகளைச் சாணக் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்துவர். இவ்வாறு கிடந்த கருணை நாட்பட நாட்படக் காறல் குறைந்து சுவை மிகும். புதுக்கருணையினும் பழங்கருணையை விரும்புதல் இதனாலேயாம். அரிசி கழுவிய நீரில் வேகவைத்தலும் புளி கூட்டுதலும் எஞ்சிய காறலையும் போக்கும். நெல்லிலும் பழையதே விரும்பப்படுவது. கிழங்கிலும் அவ்வாறே என்பது அறியத்தக்கது.

இவையெல்லாம் பாட்டியர் பழக்கம் என்று ஒதுக்கற்பாலன அல்ல. புண்பட்ட கிழங்கின் தோல் மீண்டும் இறுகுவதற்கு வெப்பமும் ஈரமும் வேண்டும் என்பதும், சர்க்கரைவள்ளிக்கு 30 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திற் சின்னாள் வைத்தலே சிறந்த பதப்படுத்தல் என்பதும் இன்றைய வேளாண்மை அறிவியலின் முடிபுகள். உருளைக்கிழங்கு 4 பாகை அளவிற் பல திங்கள் கெடாது கிடக்கும். வள்ளியோ சர்க்கரைவள்ளியோ 12 பாகைக்குக் கீழே குளிரால் உள்ளே கறுத்து அழுகிவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்த சர்க்கரைவள்ளி கெட்டுப்போவதைக் கண்டு வியக்கும் நகரத்தார், பரணின் பெருமையை அங்கே அறியலாம். மரவள்ளியின் நிலை இவற்றினும் வேறு. அகழ்ந்த இரண்டு மூன்று நாள்களிலேயே அது உள்ளே நீலமோடிக் கெடும். மண்ணிலோ பல திங்கள் கிடக்கும். தென்னமெரிக்காவில் தோன்றிய அக்கிழங்கினைத் திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பரப்பினார். புதிதாய் வந்த கிழங்காயினும், மண்ணே குதிர் என்னும் நம் பழைய முறைக்கு அது முற்றும் இயைந்தது. எஞ்சியதை மாவாக்கிச் சவ்வரிசியாக்கும் தொழில் 1943ஐ ஒட்டிச் சேலத்தில் எழுந்தது. போரினாற் கீழைநாட்டுச் சவ்வரிசி வரத்து நின்றமையே அதற்குக் காரணம்.

உலர்த்திக் காத்தலின் உச்சத்தைக் காண விரும்புவார் பனங்கிழங்கினை நோக்குதல் வேண்டும். தாம்பரத்திற்குக் கிழக்கே கடற்கரைவரை ஒருகாலத்துப் பனைகள் மிக்கிருந்தன. பனையூர் என்னும் ஊர்ப்பெயர் அதற்குச் சான்று பகரும். பழுத்து வீழ்ந்த பனங்கொட்டைகளை மணற்பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடினால், மழைநீரை உண்டு அவை கீழ்நோக்கி முளைவிடும். மார்கழி, தையில் அகழ்ந்து அவித்து உண்பர். பொங்கற் காலத்தில் தாம்பரம் கடைத்தெருவில் கட்டுக்கட்டாய் இன்றும் அது விலைக்கு வருகின்றது. நம் பகுதியில் அவித்து உண்பதோடு பெரும்பாலும் அமைந்தனர். யாழ்ப்பாணத்தாரோ அதனைப் பிளந்து பச்சையாய் உலர்த்தி ஒடியல் என்றும், அவித்து உலர்த்திப் புழுக்கொடியல் என்றும் இருவகையாக்கினர். ஒடியல் மாவினாற் கூழும் பிட்டும் சமைத்து ஆண்டு முழுதும் உண்டனர். நெல் குறைந்த வறண்ட நிலம் அவர்க்கு அவ்வறிவைத் தந்தது போலும். தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைவாணர், இரவின் உறைபனியிலும் பகலின் வெயிலிலும் உருளைக்கிழங்கினை மாறிமாறி இட்டு, மிதித்து நீர் நீக்கிச் சுன்யோ என்னும் உலர்கிழங்கு செய்வர். அது பல்லாண்டு கெடாது. பனியும் வெயிலும் அவர்க்கு உதவின. வெயில் ஒன்றே நமக்கு உதவிற்று.

உருளைக்கிழங்கு இந்நாட்டிற்கு வந்த வரலாற்றை அதன் பெயர்களே ஓரளவு உணர்த்தும். மராத்தியர் போர்த்துக்கீசியர் வழியாகப் பெற்ற பட்டாட்டா என்பதனை வழங்குவர். தெலுங்கர் வங்காளக் கிழங்கு என்னும் பொருள்பட பங்காளதும்ப என்பர். சிங்களர் ஒல்லாந்தர் சொல்லைத் திரித்து அர்த்தாபல் என்பர். தமிழரோ வடிவம் நோக்கித் தம் சொல்லாலேயே உருளை எனப் பெயரிட்டுக்கொண்டனர். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சான் சல்லிவன் காலத்தே அது பயிராகத் தொடங்கியது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் படைவீடு கொண்டிருந்த ஆங்கிலேயர்க்கு வேண்டிய கிழங்கு அது. 1873இல் மேட்டுப்பாளையம் வரை இருப்புப்பாதை வந்தபின் மலைக்கிழங்கு சமவெளிக்கு மிகுதியாக இறங்கியது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின் தாம்பரம் சந்தையும் நகரத்துச் சந்தையும் ஒன்றாயின. ஆண்டு முழுதும் எங்கிருந்தேனும் கிழங்கு வரும் என்ற நிலை தோன்றியதும் பரண் வெறுமையாயிற்று. சென்னைக் கடற்கரையில் 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியைக் காக்க மாளிகை கட்டியவர்கள், இவ்வூர்க் கிழங்கு எவ்வாறு காக்கப்படுகின்றது என்று கேட்டதாகத் தெரியவில்லை!

பரண் வெறுமையானது ஒருபுறம். மண்ணாகிய குதிர் பூட்டப்பட்டது மற்றொருபுறம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் கூறுவர். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்ப் பகுதி அப்பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் என அதற்கு வழங்கும் பெயர் அப்போதைய ஆளுநர் பெயரே. கூலக்கூடு வற்றியபோது காட்டுக்கிழங்கு பலர் உயிரைத் தாங்கியது. அப்பஞ்சம் நீங்கிய சில ஆண்டுகளில், 1882இல், சென்னை வனச்சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்கக் காடுகள் ஆயின. அவற்றினுட் புகுதலும் பொருள் எடுத்தலும் அரசின் இசைவிற்கு உட்பட்டன. காட்டைக் காத்தல் வேண்டுவதே. எனினும் வள்ளியின் தலையை மீண்டும் மண்ணில் வைத்து மூடிய இருளரை, காட்டின் காவலர் என்று கருதாது அத்துமீறுவோர் என்று கருதியது அச்சட்டத்தின் போக்கு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் பாம்புத்தோல் தொழிலும் அவர்க்கு அற்றது. நச்சுநீர் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தோன்றி அவர்தம் பாம்பறிவிற்கு ஒரு மதிப்பை அளித்தது. கிழங்கறிவிற்கு அத்தகைய மதிப்பு வாய்க்கவில்லை.

அவ்வறிவு வாழ்ந்த நிலமும் சுருங்கிவிட்டது. சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி, 1937இல் அங்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகமாகிப் பிழைத்தது. அக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்னசு என்பார் செடிகொடிகளை ஆராய்ந்தவர். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த நீலகிரிச் செடிகளைப் பற்றியும் எழுதியவர். வளாகத்திற்கு வெளியே கிடந்த மேட்டுநிலங்கள் மனைகளாயின. 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. மாடிவீட்டிற்குப் பரண் உண்டு. ஆனால் அதற்கு அடியில் விறகடுப்பு இல்லை. புகை இல்லாப் பரணில் பழைய தாள்களும் பெட்டிகளும் கிடக்கின்றன.

இத்துறையில் நம்மனோர் செய்யத்தக்கது சொற்களைத் திரட்டுதல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் வெளிவந்தபோது கிழங்குப் பெயர் பலவற்றைக் கொண்டது. ஆயினும் ஒரே பெயர் ஊர்தோறும் வேறு பொருள் தருதலை உரையாசிரியரும் நூற்பதிப்பாளரும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தென்மாவட்டங்களிற் சேனை என்று வழங்குவதனையே வடமாவட்டத்தார் பலர் கருணைக்கிழங்கு என்பர்; தென்மாவட்டத்தார் கருணை என்னும் சிறுகிழங்கு இங்குப் பிடிகருணை ஆகும். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றும் ஏழிலைக்கிழங்கு என்றும் கப்பைக்கிழங்கு என்றும் வழங்குவர். மதுரையிற் பிறந்த ஒருவர் சென்னையில் எழுதும் உரையில் கருணை என்று எழுதினால் அது எக்கிழங்கு என்று யாம் கேட்டே அறிதல் வேண்டும்.

இறுதியாக ஊர்ப்பெயர் பற்றி ஒன்று கூறுவோம். இப்பகுதியிற் பள்ளிக்கரணை, காரணைப்புதுச்சேரி முதலிய பெயர்கள் உள. கரணை என்பது பேச்சுவழக்கிற் கருணைக்கிழங்கையும் குறித்தலால், இவ்வூர்கள் கிழங்கு விளைந்தமையாற் பெயர்பெற்றன என்று கூறுவாரை யாம் கண்டிருக்கின்றோம். ஓசை ஒப்புமை ஒன்றையே பற்றி ஊர்ப்பெயர்க்குப் பொருள் கூறுதல் ஆராய்ச்சி நெறியன்று. கருணை நீர்வடியும் மேட்டுநிலத்துப் பயிர். நீர்தேங்கும் நிலத்தில் அது அழுகிப்போகும். பள்ளிக்கரணைச் சதுப்பினை ஒருமுறையேனும் கார்த்திகையிற் சென்று கண்டவர் அவ்வாறு எழுதத் துணியார்.